இருமல் கேட்காத வீடு

ஜல் ஜல்லென்று மாட்டுச் சலங்கை கேட்டதும் நவமணியின் கையிலிருந்த கஞ்சிச் சட்டி நழுவி விழுந்து இரண்டாய்ப் பிளந்தது. கிராணியார் வண்டி! வெள்ளிக்கிழமை வரவேண்டிய வண்டி வியாழக்கிழமையே வந்து நிற்கிறது.

உள்ளே, துணி மூட்டைகளுக்கு நடுவில் பாயில் சாய்ந்திருந்த அவள் புருஷன் அய்யாக்கண்ணுவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் கிளம்பியது. சாதாரண இருமலா அது! அடிவயிற்றிலிருந்து சுருட்டிக்கொண்டு மேலே வரும்; தொண்டை வரைக்கும் வந்து, வெளியே வராமல் திரும்பி உள்ளே இறங்கும். கண் இரண்டும் சிவந்து பிதுங்கிவிடும்.

"மாமா, அடக்குங்க! கிராணி வந்துட்டாரு!"

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டான். நவமணி வெளியே ஓடினாள். வீட்டை ஒட்டிக் கிடந்த கல்லின் பக்கம் ஒரு வாளியில் படுக்கை விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக் கல்லில் ஓங்கி அடித்தாள். பட்டார்! மறுபடியும் பட்டார்!

சந்துச் சேற்றில் வண்டி நின்றது. கணக்கெழுதும் வேலை பார்க்கும் சவரிமுத்து கிராணி குடையை விரித்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் சேற்றில் கால் வைப்பதில்லை. வண்டிக்காரன் அழுக்கு மூட்டையை இறக்கிப் போட்டான்.

"அய்யாக்கண்ணு எங்கே?"

"கோட்டைப் பக்கம் துணி குடுக்கப் போயிருக்காரு கிராணியாரே!" பட்டார்.

"நாளைக்கு எனக்கு வேற சோலி இருக்கு. அதான் இன்னிக்கே வந்தேன். வெளுத்தது தயாரா?"

"தயாரா இருக்கு." பட்டார். "மடிச்சு வச்சிருக்கேன்." பட்டார்.

"அடக் கடவுளே, அடிக்கிறதை நிறுத்திட்டுப் பேசேன் புள்ள! காது கிழியுது."

"நிறுத்துனா வரிசை விட்டுப் போயிரும் கிராணியாரே!"

"துணி துவைக்கிறதுல என்ன வரிசை?"

"அதெல்லாம் தொழில் பக்குவம். ஒங்களுக்குத் தெரியாது."

கிராணி சிரித்துவிட்டார். வண்டிக்காரன் உள்ளே போக அடியெடுத்தான். நவமணி விரிப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவனுக்கு முன்னால் நுழைந்து, மடித்து வைத்த வெள்ளை அடுக்கைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். இடையில் உள்ளேயிருந்து ஒரு கமறல். அவளே தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாழாப்போன கரிப்புகை" என்றாள்.

வண்டி திரும்பிச் சந்து முனையைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அய்யாக்கண்ணு சுவரில் தலையைச் சாய்த்து, துண்டு வாயிலேயே இருக்க, நீல நிறமாய்க் கிடந்தான். துண்டை அவளேதான் உருவ வேண்டியிருந்தது.

"செத்துருவேன்னு நெனச்சேன் புள்ள" என்றான், குரல் வந்ததும்.

"நானும்தான்" என்றாள் நவமணி. பிறகு சிதறிய கஞ்சியை வழிக்க உட்கார்ந்தாள்.

சுங்கை பினாங் ஆற்றங்கரையில் வண்ணார் குடும்பங்கள் வரிசையாய் இருந்தன. ஒவ்வொரு வீட்டையும் ஒட்டி ஒரு துவைகல். கல் இருக்கிற வரைக்கும்தான் வீடு. கல்லை இழந்தவன் வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். துறையில் எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது. காசம் என்ற நெஞ்சுநோய் கண்ட வீட்டுக்காரன் கல்லில் ஏறக்கூடாது. அவன் மடித்த துணியை எந்த வாடிக்கைக்காரனும் தொடமாட்டான். அப்படி ஒருவன் இருக்கிறான் என்ற பேச்சு ஊருக்குள் கிளம்பினால் துறை முழுவதற்கும் வேலை நின்றுவிடும். ஆகவே அந்த வீட்டை ஒதுக்கிவிடுவார்கள். போன வருஷம் ஒருவனை அப்படித்தான் ஒதுக்கினார்கள். அரசாங்கத்து ஆட்கள் வந்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; குடிசைக்குப் புகை போட்டார்கள். அவன் பெண்சாதி தெருத்தெருவாய் அப்பளம் விற்றுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நவமணி வீட்டுக்கு இந்த வருஷம் யோகம் அடித்திருந்தது. மலையடிவாரத்தில் துரைமார் இளைப்பாற வந்து தங்குகிற விடுதி என்று சொல்லி, அங்கிருந்து வாராவாரம் மூட்டை மூட்டையாய் வெள்ளை விரிப்புகளும் தலையணை உறைகளும் சவரிமுத்து கிராணி கொண்டுவந்து போட்டார். கிழிந்தால்கூடக் கேள்வி கேட்காத வாடிக்கை. பக்கத்து வீட்டு லெட்சுமிக்கு இதில் ஓயாத பொருமல்.

"மொதல்ல எங்க வூட்டுக்குத்தானே கிராணி வந்தாரு" என்று அவள் துவைகல்லில் நின்று அடிக்கடி சொல்லுவாள். "எங்க மனுசன் ஏனோ வேணாம்னுட்டாரு. ஏன்னு கேட்டா பல்லைக் கடிக்கிறாரு. கூறுகெட்ட ஆளு. இப்ப ஒனக்குப் போயிருச்சு."

"கெடைக்கிறவங்களுக்குத்தான் கெடைக்கும்" என்று நவமணியும் இடுப்பை ஒடித்துப் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்த வாய்த்துடுக்கெல்லாம் அடங்கிவிட்டது. அய்யாக்கண்ணு இருமுவது லெட்சுமி காதில் விழுந்தால் போதும். மறுநாளே வண்டி அவள் வாசலில் நிற்கும்.

மழையோ விடுவதாயில்லை. ஆறு செந்நிறமாய்ப் புரண்டு ஓடியது. வெளியே கொடி கட்ட வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாய்க் கயிறு கட்டி ஈரத் துணியைத் தொங்கவிட்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டு நாள் முழுதும் தேய்த்தாலும் ஈரம் போகவில்லை. அந்த ஈரத்துக்கும் புகைக்கும் நடுவில்தான் அய்யாக்கண்ணு கிடந்தான். கதவையும் ஜன்னலையும் அடைத்துப் பலகை இடுக்குகளில் கந்தலைத் திணித்திருந்தாள், சத்தம் வெளியே போகாமலிருக்க.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். வெற்றிலையில் எண்ணெய் தடவி அனலில் வாட்டி நெஞ்சில் ஒட்டினாள். வேலியோரத்துக் கற்பூரவள்ளியைப் பிழிந்து தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சிக்கல். மருந்து சளியை இளக்கினால் அவன் இருமுவான். இருமினால் சந்து முழுக்கக் கேட்கும். ஆகவே பாதி மருந்திலேயே பயந்து நிறுத்திவிடுவாள்.

வெள்ளாவி வைத்த அன்று அய்யாக்கண்ணுவே ஒரு யோசனை சொன்னான். பின்கட்டில் பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் உவர்மண் தோய்த்த விரிப்புகளைக் கோபுரமாய் அடுக்கியிருந்தாள். துணிகளுக்கிடையே புசுபுசுவென்று ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

"என்னைக் கொண்டுபோய் அதுகிட்ட உக்கார வை."

"வெள்ளாவிகிட்டயா? என்னா பேச்சு இது!"

"பின்ன என்னா? எத்தனை வருசமா பாக்குறோம். கல்லு மாதிரி ஒட்டுன அழுக்கையே ஆவி இளக்கிருதே. இது வெறும் கோழை தானே. என்னையும் ஒரு துணியா நெனச்சிக்க."

"துணியை அப்புறம் கல்லுல அடிப்பேன், பரவால்லையா?"

"ஒன்கிட்ட அடிபடாத நாள் எது?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு விக்கலாய் முடிந்தது.

கைத்தாங்கலாய் அழைத்துப்போய் உட்காரவைத்து, கம்பளியைத் தலையோடு போர்த்தினாள். துணி ஆவியை அவன் வாயைத் திறந்து இழுத்தான். முதலில் இதமாகத்தான் இருந்தது. பிறகு உவர்மண்ணின் காரம் ஏறியது. கண்ணில் தாரை தாரையாய் நீர். கம்பளியை உதறிக்கொண்டு அவன் இருமினான் பாருங்கள், பானையே அதிர்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் கெட்டியாய் ஒரு கட்டி சளி சாம்பல் சட்டியில் வந்து விழுந்தது.

"என்ன நவமணி, வூட்டுக்குள்ள தகரம் பிரிக்கிறீங்களா?" லெட்சுமியின் குரல் வேலிக்கு அந்தப் பக்கம்.

நவமணி சட்டென்று கம்பளியை மறுபடி அவன் தலையில் இழுத்துப் போட்டாள். "பூனைதான்க்கா! தொண்டையில மீன்முள்ளு சிக்கிருச்சு!"

"ரொம்பப் பெரிய பூனை போலருக்கே?"

"சீனன் வீட்டுப் பூனை. தின்னு கொழுத்தது."

"ஒங்க வூட்டுக்காரரு எங்க, ஆளையே காணோம்?"

"தைப்பிங்ல எங்க சின்னையாவுக்கு ஒடம்பு சரியில்ல, பாக்கப் போயிருக்காரு."

"கோட்டைப் பக்கம்னு கிராணிகிட்டச் சொன்னியாமே?"

"அங்க போயிட்டு அப்படியே போனாரு."

அன்று அய்யாக்கண்ணு சுட்ட சூடைக் கருவாட்டை வைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தான். மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னொரு தடவை உக்காந்தா எல்லாம் வந்துரும் புள்ள" என்றான். நவமணி வேலிப் பக்கம் பார்த்தாள். இன்னொரு தடவை பூனை என்று சொன்னால் லெட்சுமி நம்புவாளா?

மறுநாள் அவள் பாசார் கடைத்தெருவுக்குப் போய்வந்தபோது முந்தானையில் ஒரு பொட்டலம் இருந்தது. ரிக்‌ஷா இழுக்கும் ஒரு சீனக் கிழவனிடம் கெஞ்சி வாங்கிய சண்டு, காய்ச்சிய அபின். இருமலுக்கு அது கண்கண்ட மருந்து என்று கப்பல் கூலிகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். கடுகளவு கிள்ளிக் கறுப்புக் காப்பியில் கரைத்துக் கொடுத்தாள்.

மந்திரம் போட்டது போல் இருமல் நின்றது!

வீடு அமைதியாயிற்று. நவமணி ஜன்னல் இடுக்கிலிருந்த கந்தலைக்கூட எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கிராணி வண்டி வந்தபோது கல்லில் அடிக்க வேண்டிய அவசியமில்லை. நிதானமாய் நின்று பேசினாள். அய்யாக்கண்ணு தைப்பிங்கிலிருந்து இன்னும் வரவில்லை என்றாள். கிராணி ஒரு தரம் வீட்டுக் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்துக் கேட்காமலே போய்விட்டார்.

லெட்சுமிகூட, "ஒங்க பூனை செத்துப் போச்சா, சத்தத்தைக் காணோம்?" என்றுதான் கேட்டாள்.

"முள்ளு எறங்கிருச்சு" என்றாள் நவமணி.

அய்யாக்கண்ணு தூங்கினான். விழித்தால் பேசாமல் கூரையைப் பார்த்தான். இருமல் தலைகாட்டும்போதெல்லாம் நவமணி கொஞ்சம் கரைத்துக் கொடுத்தாள். கஞ்சி வேண்டாம் என்றான். பிறகு தண்ணீரும் வேண்டாம் என்றான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரிப்புகளைத் தேய்த்து மடிக்கையில், அவன் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது, அடுப்பில் கூழ் தளதளக்கிற மாதிரி. மழைச் சத்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மழை விட்ட பிறகும் அது கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் யாரோ கதவை இடித்தார்கள். கிராணியோ என்று பதறிப்போய் இடுக்கில் பார்த்தாள். எதிர்ச் சந்து காமாரியா, பேச்சில் மலாய் கலப்பவள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடுகிறவள். பருத்த கைகளும் வெற்றிலைச் சிவப்பேறிய வாயுமாக நின்றாள்.

"கதவைத் தொற லா, நவமணி."

"என்னக்கா? வேலையா இருக்கேன்."

"ஒன் புருசன் இருமல் எனக்கு எங்க வீட்டு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

நவமணி தாழ்ப்பாளை இன்னும் இறுக்கினாள். "அவரு தைப்பிங்ல..."

"தாப்பா லா, பரவால்ல, பொய் சொல்ல வேணாம், நான் யார்கிட்டயும் சொல்லல. இருமுற வரைக்கும் எனக்கு பயமில்ல, சளி வெளிய வருது, ஆளு பொழைச்சுக்குவான்னு இருந்தேன். இப்பக் கொஞ்ச நாளா கேக்கல. அதான் வந்தேன்."

நவமணியின் கை தானாகத் தாழ்ப்பாளை நீக்கியது.

காமாரியா உள்ளே வந்தாள். தொங்கிய ஈரத் துணிகளைத் தலையால் விலக்கிக்கொண்டு போய் அய்யாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் உதடு கத்தரிப்பூ நிறமாய் இருந்தது. முதுகில் காதை வைத்தாள். வைத்த காதை எடுக்காமலே கேட்டாள்.

"என்னா குடுத்தே?"

நவமணியின் பார்வை பாயோரம் போனது. காமாரியா காப்பிக் குவளையை முகர்ந்தாள்.

"யா அல்லா! சண்டா? சாக்கிட்ல கெடக்குற நோயாளிக்கா? அடிப்பாவி, வெளிய வரவேண்டிய சளிய உள்ள வச்சுப் பூட்டிட்டியே! மூழ்கிக்கிட்டு இருக்கான் லா இவன், தண்ணி இல்லாமயே."

"சத்தம் கேட்டா எங்கள ஒதுக்கிருவாங்கக்கா. கல்லு போயிரும். வீடு போயிரும். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நான் எங்க போவேன்?"

"இவன் போயிட்டா?"

கேட்டுவிட்டுக் காமாரியா முழங்கைவரை ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். இஞ்சியைத் தட்டி வெந்நீர் வைக்கச் சொன்னாள். தூங்கவிடாமல் அவன் கன்னத்தில் தட்டி எழுப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாய் இஞ்சித் தண்ணீரைப் புகட்டினாள். அவன் இமை திறந்தது.

"கேளு நவமணி. இவனைக் குப்புறப் போடணும். தலை கீழ, இடுப்பு மேல. கையைக் கிண்ணம் மாதிரி குவிச்சு முதுகுல கீழேர்ந்து மேல தட்டிக்கிட்டே வரணும். அடியில ஒட்டுனது தொண்டைக்கு வழிஞ்சு வரும். வந்தா இருமுவான். அது சின்னச் சத்தமா இருக்காது. ஊரையே கூப்பிடற சத்தமா இருக்கும். என்னா சொல்றே?"

நவமணி மூலையில் கிடந்த துணி மூட்டையை இழுத்து வந்து நடுவில் போட்டாள். அதுதான் அவள் சொன்ன பதில்.

இருவருமாய் அவனைத் தூக்கி மூட்டையின்மேல் குப்புறக் கிடத்தினார்கள். தலை தொங்கியது. காமாரியா தட்டத் தொடங்கினாள். பொக், பொக், பொக். வெற்றுப் பானையில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சில இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாய், ஈர மண்ணில் விழுந்த மாதிரி. "இங்கதான் இருக்கு, இங்கதான்" என்று அந்த இடத்தையே விடாமல் தட்டினாள். நவமணி மறுபக்கம் உட்கார்ந்து அவளைப் பார்த்தே கையைக் குவித்துத் தட்டினாள். துணி அடித்துக் காய்ப்பேறிய கை. இவ்வளவு மெதுவாய் அந்தக் கை எதையும் அடித்ததில்லை.

அய்யாக்கண்ணு முனகினான். முதுகு ஒரு தரம் தூக்கிப் போட்டது.

அப்போதுதான் சந்து முனையில் ஜல் ஜல்லென்று சலங்கை கேட்டது.

காமாரியாவின் கை நின்றது. "கிராணியா?"

"ஆமா."

"போனப்புறம் தட்டலாமா?"

நவமணி புருஷனின் தொங்கிய முகத்தைப் பார்த்தாள். கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. சலங்கை நெருங்கி வந்தது. வெளியே கல்லும் வாளியும் துணியும் தயாராய் இருந்தன. ஓடிப்போய் அடித்தால் இன்றையப் பொழுது தப்பிவிடும்.

"நிறுத்தாதீங்கக்கா" என்றாள். எழுந்துபோய், அத்தனை நாளாய் அடைத்திருந்த கதவை இரு கையாலும் விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து மறுபடி தட்டினாள். "மாமா, இருமுங்க. நல்லா இருமுங்க. கேட்டாக் கேக்கட்டும்."

அவன் இருமினான்!

சந்தில் மாடு மிரண்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவது இருமலுக்கு லெட்சுமி கையில் அகப்பையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் புருஷன் பின்னால் வந்தான். துவைகல்லடியில் நின்றவர்கள், ஆற்றிலிருந்து ஏறி வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அய்யாக்கண்ணு நிறுத்தவில்லை. இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் சேர்த்து இருமினான். சாம்பல் சட்டியில் மஞ்சளும் பச்சையுமாய்க் கட்டி கட்டியாய் விழுந்தது. கடைசியில் நூல் பிடித்த மாதிரி நீளமாய் ஒன்று வந்தது. காமாரியா விரலை விட்டு அதை வழித்து எறிந்தாள். அவன் வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தான். அந்த மூச்சு தங்குதடையில்லாமல் அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"புள்ள" என்றான். "பசிக்குது."

நவமணிக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்தது.

"தைப்பிங்காம், பூனையாம்!" என்றாள் லெட்சுமி. ஆனால் குரலில் சூடு இல்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து வேலிக் கம்பைச் சரிசெய்யத் தொடங்கினான்.

சவரிமுத்து கிராணி வண்டியிலிருந்து இறங்கிச் சேற்றில் நின்றார். குடை பிடிக்கவும் மறந்திருந்தார்.

"கேட்டுட்டீங்க இல்ல கிராணியாரே?" என்றாள் நவமணி. "மழை தொடங்குனதுலேர்ந்து அவருக்கு நெஞ்சுல சளி. நான்தான் மறைச்சேன். வாயில துணிய அடைச்சேன். சண்டு குடுத்தேன். எல்லாம் நான் பண்ணதுதான், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. ஒங்க துணியெல்லாம் சுத்தமா வெளுத்துத்தான் மடிச்சிருக்கேன். எடுத்துக்குங்க. துரைமாரு படுக்கிற துணி, இந்த வீட்டு நோயி அவங்களுக்கு ஒட்டிறக் கூடாது. இனிமே வேற நல்ல வீடாப் பாத்துக் குடுத்துருங்க."

கிராணி கையை நீட்டவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். மூட்டைமேல் கிடந்த மனிதனையும், அவன் தலைக்குமேல் வரிசையாய்த் தொங்கிய வெள்ளை விரிப்புகளையும் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லத்தான் பேசினார். ஆனால் சந்தில் அப்போது வேறு சத்தமே இல்லை.

"அந்த மலையடிவாரத்துல படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் நெஞ்சுநோய்தான் நவமணி, அதை உள்ளபடி சொன்ன வீட்டுலயெல்லாம் மாட்டேன்னுட்டாங்க, அதனாலதான் ஒங்ககிட்ட மட்டும் விடுதின்னு சொன்னேன்."